வெள்ளிக்கிழமைத் தாள்

மூன்று வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், விமான டிக்கெட் போடும் ஓர் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, கிள்ளானிலிருந்து ரயிலேறி ஒரு பெரியவர் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“லிஸ்பன்ல இருந்து ஹெல்சிங்கி எவ்ளோ தூரம்மா? பிளைட்ல எத்தன மணி நேரம்?”

மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நேராகப் பறந்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். தினக் காலண்டர் தாள். தேதியைப் பார்த்தால், வரப்போகிற வெள்ளிக்கிழமை!

எனக்கு வாய் சும்மா இருக்காது. “என்ன அங்கிள், வெள்ளிக்கிழமைய இப்பவே கிழிச்சிட்டீங்க?”

“அன்னிக்குக் கிழிக்க நான் இருக்க மாட்டேன்மா” என்றார், வெளியூர் போகிறவர் மாதிரி.

மகன் லிஸ்பனில், மகள் ஹெல்சிங்கியில். அம்மாவின் சாவு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டவர்கள், ஆறு வருடமாகப் பேச்சில்லை.

“புதன்கிழமை என் மகன் கூப்பிடுவான். நேரா கே.எல். வர டிக்கெட் கேப்பான். குடுத்துடாதீங்க. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஒரே பிளேன்ல வரச் சொல்லுங்க.”

தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓரத்தில் ‘2 மணி’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. “மறை கழண்ட கேஸ் லா” என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தேன்.

புதன்கிழமை, கடை திறந்ததும் போன் அடித்தது.

“அக்கா, லிஸ்பன்ல இருந்து பேசறேன். அப்பா தூக்கத்துலயே தவறிட்டாரு. உங்க நம்பர பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருந்தாராம். அடுத்த பிளைட்ல கே.எல்.லுக்கு டிக்கெட் போடுங்க.”

டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது.

“தம்பி, ஹெல்சிங்கி அஞ்சு மணி நேரந்தான். தங்கச்சியக் கூட்டிட்டு வரச் சொன்னாரு அப்பா.”

மறுமுனையில் அழுகை. “அவ கதவத் திறக்க மாட்டாக்கா.”

“திறக்கலன்னா வாசல்லயே உட்காருங்க!” என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ!

வெள்ளிக்கிழமை நானும் கிள்ளானுக்குப் போனேன். அண்ணனும் தங்கையும் ஒரே டாக்ஸியிலிருந்து இறங்கினார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கேட்டேன். ராகு காலம் கழிந்து இரண்டு மணிக்கு என்று பூசாரி குறித்துக் கொடுத்தாராம். சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமைத் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். அடுத்து சனிக்கிழமை தெரிந்தது. ‘2 மணி’ வட்டம் போட்ட வெள்ளிக்கிழமைத் தாள் என்னிடம் இருந்தது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் அக்கா ஷா ஆலமில் இருக்கிறாள். என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். அப்போது நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிள்ளானிலிருந்து திரும்பும் வழியில் அவள் வாசலில் போய் நின்றேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ‘5 மணி நேரம்’ என்ற அவர் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், போக வேண்டிய வீட்டுக்கு நாளைக்குப் போகலாம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.