எல்லாருக்கும் முதல் வரிசை

டோமினிக் பொன்மலையிலிருந்து வண்டியில் கிளம்பி, பாலக்கரைப் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நாலு பேர் போன் பண்ணிவிடுவார்கள். நாலு பேருக்கும் ஒரே பதில்தான்: "பண்ணிடலாங்க." கம்ப்யூட்டர், கேமரா, உள் போன் எல்லாவற்றையும் இணைக்கிற சுவிட்ச் பெட்டிகள் அவர் பொறுப்பு. ஒத்தை ஆள். வயது ஐம்பதைத் தொடுகிறது, அலுப்பு எழுபதைத் தாண்டிவிட்டது.

அந்தப் பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. நெரிசலான நேரத்தில் எது முதலில் போகணும், எது காத்திருக்கணும் என்று வரிசை போட்டு வைக்கலாம். கம்ப்யூட்டரில் பக்கம் தாமதமாகத் திறந்தால் குடிமுழுகிப் போகாது. பேச்சு காத்திருந்தால் துண்டு துண்டாகிவிடும். அதனால் வார்டு போன்களை மட்டும் முதல் வரிசையில் வைத்திருந்தார். மனுஷன் அதோடு விட்டிருக்கலாம்.

முதலில் வந்தவர் பில்லிங் அழகியமணவாளன். ஸ்ரீரங்கத்துக்காரர், கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்காத குடும்பம்.

"கவுண்டர்ல ஜனங்க கத்தறா டோமினிக். எங்களைச் செத்த முன்னாடி விட்டுடுங்கோளேன்."

விட்டார். அடுத்து ஸ்கேன் பிரிவு, அப்புறம் முதலாளி அறை கேமரா. கிரிக்கெட் நடந்த வாரம் கேன்டீன் டிவிக்குக்கூடக் கேட்டார்கள். யாரோடும் மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பில்லை. கேட்டவர்களையெல்லாம் முதல் வரிசையில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளிகள் கூட்டம் நெட்டித் தள்ளிய நேரம். பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரசவ வார்டு டாக்டர் ஷாஜியா அடித்தளத்து ரத்த வங்கிக்குப் போன் போட்டார். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது, உள் போன் ஒன்றுதான் வழி. போனை எடுத்த ரத்த வங்கி ஊழியர் மாலினிக்கு ஒரு சொல்லும் முழுசாய் வந்து சேரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அதே கதி. கடைசியில் ஒரு நர்ஸ் படியிறங்கி ஓடிப்போய் ரத்தம் வாங்கிவந்தாள். அந்தப் பெண் பிழைத்தாள், மயிரிழையில்.

ஷாஜியா நேராக டோமினிக்கின் அறைக்கு வந்தார்.

"அவ போயிருந்தா அந்தப் பச்சப்புள்ளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

டாக்டர் போனதும் டோமினிக் சுவிட்சில் போட்டுவைத்த வரிசையைத் திறந்து பார்த்தார். முதல் வரிசையில் ஆஸ்பத்திரியே நின்றது, நடுவில் வார்டு போன்கள் மூச்சு முட்டிக்கொண்டு. வெட்கமாக இருந்தது அவருக்கு. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வெறும் சோர்வு. அது ஒரு உயிரைக் கேட்டிருக்கிறது. வார்டு போன்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கினார்.

மறுநாள் காலையிலேயே போன்கள் ஆரம்பித்துவிட்டன. பில்லிங், ஸ்கேன், முதலாளியின் உதவியாளர். எல்லாருக்கும் "முடியாதுங்க" என்றார். மதியம் பிரசவ வார்டு போனிலிருந்து ஷாஜியா கூப்பிட்டார்.

"என் ரூம் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது டோமினிக். போன மாசம் கேட்டப்ப ஸ்பீடா வெச்சுக் கொடுத்தீங்களே, அதை மட்டும் பழையபடி போட்டுடுங்க."

"அதெல்லாம் சேர்ந்துதாங்க டாக்டர் நேத்து உங்க குரலை அமுக்குச்சு. முடியாதுங்க."

டாக்டர் மூச்சு விடுவதுகூட டோமினிக்கின் காதில் விழுந்தது.

"உங்களையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது?"

போனில் ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை.