பன்னிரண்டு கம்பிக் கிட்டாரின் தலைப்பாரம்

என் மனைவியின் இடது கை மரத்துப்போகத் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் பழியைக் கிட்டாரின் மேல்தான் போட்டோம். அதில் நியாயமும் இருந்தது. அது பன்னிரண்டு கம்பிக் கிட்டார். கம்பிகளை முறுக்கும் சாவிகள் பன்னிரண்டும் தலையில்தான் இருக்கின்றன. எல்லாம் கெட்டி உலோகம். உட்கார்ந்து வாசித்தால் தொந்தரவில்லை. தோளில் வாரை மாட்டி நின்று வாசித்தால், கையை எடுத்ததும் தலை தரையைப் பார்த்துச் சாயும். கம்பியை அழுத்த வேண்டிய கையே தலையையும் தாங்க வேண்டும். வாரைத் தலையிலேயே கயிறு போட்டுக் கட்டியும் பார்த்தோம். கயிறு அவள் விரலை இடித்தது.

டிசம்பரில் அவள் நின்றுதான் வாசிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் ஒரே வரிசையில் இருந்த குடும்பங்கள் இப்போது ஈப்போ நகரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் சபையில் வேன் பிடித்து, அந்த வீடுகளைத் தேடிப் போய், கேட்டுக்கு முன்னால் நின்று பாடுவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. இந்த வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. ஒரு வருடம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்த வருடம் நாங்கள் பாடிய வீட்டு அக்கா ஒருவர், "இன்னிக்குப் பாட்டுல உப்பு பத்தல" என்றார். இப்படிப் பேசுகிறவர்களுக்காகவே நான் எத்தனை வீட்டுக்கும் போவேன்.

அவளுக்குக் கையுறை ஆலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், வேலை. அச்சிலிருந்து கையுறையை உரித்து எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதே இழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பலமுறை கூப்பிட்டேன். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "கையில கோளாறுன்னு டாக்டர் எழுதிட்டா, கிலாங்குல எனக்கு என்ன வேலை குடுப்பாங்க? மொதல்ல அந்தக் கிட்டார் தலைய கொறைங்க. அப்பவும் மரத்துச்சுன்னா வாரேன்."

கிட்டாராக இருந்தால் சரிசெய்துவிடலாம். அது கிட்டாராகவே இருக்கட்டும் என்று எனக்கும் ஆசைதான்.

ஈப்போவில் கிட்டார் பழுதுபார்க்கும் சீனர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். அதனால் நம்மைவிட நன்றாகத் தமிழில் வம்பளப்பார். தலையின் மரத்தைச் செதுக்கிக் குறைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"மரத்துல கை வெக்காத லா, அண்ணே. பன்னெண்டு கம்பி இழுக்குது. ஒடைஞ்சா நீ எங்கிட்டதான் வந்து அழுவ."

மரத்துக்குப் பதிலாக, சாவிகளைத் திருகும் உலோகக் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் குமிழ்களைப் பொருத்தினார். கழற்றியவற்றை என் உள்ளங்கையில் கொட்டினார். கையளவுதான், ஆனால் கனத்தது. அன்றிலிருந்து அவை என் சட்டைப்பையிலேயே கிடந்தன. பிறகு, என் மனைவி வாசிக்கும்போது என்ன உடுத்துவாள் என்று கேட்டார். பட்டுச்சேலை என்றேன். சிரித்துவிட்டார். பட்டில் நைலான் வார் வழுக்குமாம்; வழுக்க வழுக்கத் தலை இறங்குமாம். உள்பக்கம் சொரசொரப்பான தோல் வார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கிட்டாரை மாட்டிக்கொண்டாள். இரண்டு கைகளையும் எடுத்தாள். தலை கொஞ்சம் அசைந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"பாருங்க, பெரிய மனுசனாட்டம் நிக்கிறத," என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

முதல் பாட்டு நன்றாகவே போனது. நானும் கூடப் பாடினேன். இரண்டாவது பாட்டின் நடுவில், அழுத்தம் போதாமல் அடிக்கம்பிகள் கரகரத்தன. நான் கேட்காததுபோல் குரலை உயர்த்தினேன். அவள் நிறுத்தினாள். ஈரத்தை உதறுவதுபோல் இடது கையை உதறினாள். மறுபடி உதறினாள். கிட்டார் சாயவே இல்லை. அவள் அதன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது இல்ல," என்றாள்.

வார் புதிது, பழக வேண்டும், மெல்லிய கம்பி மாற்றிப் பார்க்கலாம் என்று நான் எதையெதையோ சொல்லிக்கொண்டே போனேன். முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"வாரேன்னு சொன்னேன்ல. நாளைக்கே கிலாங்குல சூத்தி கேக்குறேன். லீவு கெடைச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சபையில மட்டும் இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க."

வாரைக் கழற்றப் போனாள். கிட்டாரின் பித்தானிலிருந்து தோல் வாரை இழுக்க விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. நான் குனிந்து கழற்றினேன். சட்டைப்பையில் அந்தப் பழைய குமிழ்கள் கலகலத்தன.