முழுக்குக்குக் காவல் நின்றவர்

நெம்மேலிக் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் நடந்தால், அலை யாரையும் இழுத்துவிடாமல் காவலுக்கு நிற்பார் ஒரு மீனவர். அவர் கும்பிடுவது கன்னியம்மனை. ஆனாலும் ஒவ்வொருவர் முங்கும்போதும் அவரும் கன்னத்தை உப்பி மூச்சடக்குவார்.

கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்த ஞானஸ்நானம் போதாதென்று, 1976-இல் என் மகள் அங்கே இறங்கினாள். “எனக்கும் தெளித்ததுதான், அதுவே செல்லும்” என்று கரையில் அந்த மீனவரிடம் வாதாடியிருந்தேன். அலையில் அவள் தலை மறைந்ததும், நீச்சல் தெரியாத நான் செருப்போடு ஓடி அமிழ்ந்தேன்.

அவர்தான் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். மகள், முழுக்குக் கொடுத்த போதகர் பக்கத்தில் பத்திரமாக நின்றாள்.

“பொண்ணு நல்லாத்தான் கீது. நீ இன்னாத்துக்கு அண்ணாத்த வந்த?”

“பயம்,” என்றேன்.

“சரி, முழுசா முங்கிட்ட. இது செல்லுமா, செல்லாதா?”

கேலியா, நிஜமான சந்தேகமா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. எங்கள் தேவாலயத்துப் போதகரான ஐயரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.