காரணம் அறியப்படாத தண்ணீர்

அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கியவன் நான்தான்.

மாடு முட்டிச் சாய்ந்தது என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மணல் லாரி ஏறி உடைந்தது என்று வேறு சிலரிடம். எல்லாம் பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, கடப்பாரையால் நெம்பி, என் இரண்டு கைகளால் தூக்கி எடுத்தேன்... வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று உங்களிடம் இதைச் சொல்லவேண்டி வந்திருக்காது!

நான் தமிழாசிரியன். பிறந்தது விழிதியூரில், நெல் விளைவித்த குடும்பத்தில். வேலை கிடைத்தபின் காரைக்கால் நகரின் ஓரத்தில், மனைகளாகப் பிரித்து விற்கப்பட்ட பழைய வயலில் ஒரு முனை மனையை வாங்கினேன். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம் அது. தெருவிளக்கு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை, மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டிய மண்சாலை. இவற்றையெல்லாம் கேட்டுப் பெறக் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றைத் தொடங்கினோம். எழுதத் தெரிந்தவர் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

என் மனையின் கிழக்கு ஓரமாக ஒரு வடிகால் வாய்க்கால் போயிற்று. வயலாக இருந்த நாளில் மிகுந்த தண்ணீரை அரசலாற்றுக்குக் கொண்டு சேர்த்த வாய்க்கால். ஆண்டில் எட்டு மாதம் காட்டாமணக்கு மண்டி வறண்டு கிடக்கும். அதன் கரையில்தான் அந்தக் கல் நின்றது. முழங்கால் உயரம். தலையில் அம்புக்குறி, பக்கத்தில் எண்.

மதில் எழுப்ப வந்த கொத்தனார் கல்லைக் கண்டதும் நூலைச் சுருட்டிக்கொண்டார்.

"கல்லுக்கு இந்தாண்டதான் சார் செவுரு வரணும். அந்தாண்ட சர்க்காரு எடம்."

"கல்ல எடுத்துட்டா குளியலறைக்கு எடம் கெடச்சிடுமே?"

"நான் கை வைக்கமாட்டேன் சார். புள்ளகுட்டிக்காரன்."

எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த மனிதர் அவர். அவருக்கு இருந்த அச்சம் எனக்கு இல்லை! நான்கடிதானே, வறண்ட வாய்க்கால்தானே என்று என் படித்த மூளை சொல்லிற்று. எங்கள் ஊரில் வரப்பை ஒரு சாண் வெட்டி நகர்த்துகிறவனைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். அவன் செத்தாலும், 'கடைசியில ஆறடிதான் கெடச்சுது பாரு' என்று சுடுகாட்டிலேயே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான்.

கல்லைக் கொல்லைக் குழாயடியில் எண் கீழே போகும்படிப் போட்டேன். அதன்மேல்தான் என் மனைவி துணி துவைத்தாள். வேறு கொத்தனாரை வைத்து மதில் எழுப்பினேன்; நான்கடி வாய்க்கால் என் குளியலறை ஆயிற்று.

அதற்குப் பிறகும் நான் ஆக்கிரமிப்புகளைக் கண்டித்து மனு எழுதினேன்... நம்புவீர்களா? தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் கீற்றை இரண்டடி முன்னால் இழுத்துவிட்டார் என்று ஒரு பக்கம் முழுக்கக் காய்ச்சினேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

சுனாமி வந்துபோன மறு ஆண்டு கலைச்செல்வி எங்கள் பகுதிக்கு வந்தார். மண்டபத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவர் கூடையில் மீன் சுமந்து எங்கள் தெருக்களில் விற்பவர். அலையில் இழுபட்டுப் போன அவருடைய ஏழு வயது மகள் கருவேலம் புதரில் சிக்கிப் பிழைத்தாள். பிழைத்த குழந்தைக்கு அதன்பிறகு தண்ணீர்ச் சத்தமே ஆகவில்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றினால்கூட இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும்.

"கடல் சத்தம் கேக்காத எடத்துல இத வளக்கணும்க்கா" என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி, கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்று, எங்கள் கடைசித் தெருவில் ஒன்றரை மனை வாங்கி, ஓடு போட்ட சிறு வீடு கட்டினார். மாமியாரும் கொழுந்தனாரும் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடலோடி மகன் கழனியில் போய்க் குடியிருப்பதா என்று சண்டை. கணவர் இரு பக்கமும் பேசாமல் இருந்தார். ஆகவே அந்த வீடு கலைச்செல்வியின் வீடு. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவர் பேரில்தான் நடக்கும்.

அவரை ஏமாற்றுவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் மீனின் கண்ணையும் செவுளையும் ஒருமுறை பார்த்தால் போதும், நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவார். 'என் கண்ணுக்குத் தப்பாதுக்கா' என்று வாசலில் நின்று பெருமையாகச் சொல்வது என் காதில் விழும்.

அதற்கு அடுத்த ஆண்டு, நாங்கள் எழுதி எழுதிக் கேட்டிருந்த வடிகால் திட்டம் வந்தது. பழைய வாய்க்கால் போன தடத்திலேயே சிமெண்டு வடிகால், அதன்மேல் மூடி, ஓரமாக நடைபாதை! சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தடம் குறிக்க ஓர் இளம் பொறியாளர் வந்தார். கையில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் என்னும் நில அளவைப் படத்தின் நகல். நகலுக்கு நகல் எடுத்துக் கோடெல்லாம் மங்கிப்போன தாள். வெயிலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு என் மதிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இங்க ஒரு கல்லு இருக்கணுமே சார்?"

"நாங்க வந்தப்பவே இல்லியே தம்பி."

"அப்ப வாய்க்கால் எந்தப் பக்கமா போச்சு? நீங்கதான் செயலாளர், காட்டுங்க. நீங்க காட்டுனா குறிச்சுக்கிறேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல் இல்லாத இடத்தில் ஊரறிந்த பெரியமனிதர் ஒருவர் கை நீட்டிக் காட்டினால் அதுவே எல்லை. என் கை எழுந்தது... வடக்கே, காலி மனைகளின் பக்கமாக நீண்டது.

"அந்தப் பக்கந்தான் தம்பி. கடைசித் தெரு வழியா சுத்திக்கிட்டுப் போகும்."

அவர் குறித்துக்கொண்டார். 'தேங்க்ஸ் சார்' என்றார்.

கொல்லையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. உள்ளே வந்ததும் மெல்லச் சொன்னாள்: "சொல்லிடலாமேங்க. இடிச்சா இடிச்சிட்டுப் போறாங்க. குளியலறதானே?"

குளியலறைக்காக மட்டும் நான் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. இடிக்கும்போது வேடிக்கை பார்க்கத் தேநீர்க்கடைக்காரர் வந்து நிற்பாரே! 'வாத்தியாரே வாய்க்காலத் தின்னுட்டாரு' என்று பள்ளிவரை போகுமே! அதை என்னால் தாங்கமுடியாது என்று நினைத்தேன். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தாங்கவேண்டி வரும் என்று அன்று தெரியவில்லை.

"உன் வேலையப் பாரு" என்றேன்.

நேராகப் போகவேண்டிய வடிகால் இரண்டு இடத்தில் மடங்கிக் கடைசித் தெருவைச் சுற்றிப் போயிற்று. பழைய வாய்க்காலில் எஞ்சியிருந்ததை மண் போட்டு நிரவிப் பாதை ஆக்கினார்கள். தண்ணீர் பள்ளம் தேடி ஓடும்; மடக்கினால் முட்டி நிற்கும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தரவேண்டும்? சிமெண்டு காயும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கே முட்டும் என்று.

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலை வடிகால் எதிர்த்துக்கொண்டது. சாக்கடையோடு சேர்ந்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கலைச்செல்வியின் வீட்டுக்குள் நின்றது. சங்கச் செயலாளர் என்ற முறையில் பார்க்கப் போனேன். அந்தக் குழந்தை பரண்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அழவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தது. கூப்பிட்டால் இறங்கவில்லை, அப்பா தூக்க வந்தபோது அவர் கையைக் கடித்துவிட்டது.

நான் வாசலோடு திரும்பிவிட்டேன். என் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

தண்ணீர் வடிந்ததும் கலைச்செல்வி வந்தார்.

"ஒரு மனு எழுதித் தாங்க சார். நீங்க எழுதுனாத்தான் எடுபடும்கிறாங்க."

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நல்ல உரைநடை அந்த மனுவாகத்தான் இருக்கும். குழந்தையின் அச்சத்தை எழுதினேன், விற்ற நகையை எழுதினேன். படித்துக் காட்டியபோது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் நடுவில் ஒரு வரி இருந்தது: 'நீர் தேங்குவதற்கான காரணம் இதுவரை அறியப்படாத நிலையில்...'

அறியப்படாத! யாரால் அறியப்படாத? வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவன் நான். செய்தவனை ஒளித்துவைக்க ஒரு வினை எப்படி உதவும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒருமுறை மட்டும் 'காரணம் யாதெனில்' என்று தொடங்கினேன். பேனா நின்றது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

அடுத்த மழைக்கும் மனு. அதற்கடுத்த மழைக்கும் மனு. பார்க்க வந்தவர்கள் தூர்வாரச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் பிறகு கலைச்செல்வி கூடையிலிருந்து நல்ல வஞ்சிரமாகப் பார்த்து என் மனைவியின் பாத்திரத்தில் போடுவார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். "சாரு எங்களுக்காக எவ்ளோ கஷ்டப்படுறாரு!" என்பார். என் மனைவி அந்த மீனைச் சமைப்பாள், ஆனால் தொடமாட்டாள். நான் தின்றேன். ஆம், தின்றேன்... முள்ளை ஒதுக்கி, ருசித்துத் தின்றேன்.

மூன்றாவது மழையில் அவர் வீட்டின் மேற்குச் சுவர் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் குழந்தை அதன்பின் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மறுத்துவிட்டது. வந்த விலைக்கு மனையைக் கொடுத்துவிட்டு, எந்தக் கடலுக்குப் பயந்து வந்தார்களோ அதன் கரைக்கே திரும்புவது என்று முடிவாயிற்று.

கிளம்பும் நாளில் கலைச்செல்வி விடைபெற வந்தார். தலையில் கூடை இல்லாமல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றுதான் முதல்முறை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார், மறைக்காம சொல்லுங்க. மாமியா ஊரு பூரா சொல்லிக்கிட்டிருக்கு, பொம்பள எடம் பாத்தா இப்புடித்தான்னு. எங்க வூட்டுக்காரரும் இப்ப அதையேதான் சொல்றாரு. நான் சும்மா வாங்கல சார். வாங்குறதுக்கு முந்தி, நல்ல மழயில, கொட கூட இல்லாம வந்து அந்த மனையில நின்னு பாத்தேன். கணுக்கால் தண்ணி நிக்கல. நெசமாவே நிக்கல சார்... என் கண்ணே என்ன ஏமாத்திடுச்சா? நான் பாத்தது தப்புதானா?"

என் மனைவி சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். கல்லைப் பிடுங்கியதை ஆசை என்று சொல்லுங்கள். கையை நீட்டிக் காட்டியதைப் பயம் என்று சொல்லுங்கள். ஆனால் அன்று என்னை யாரும் மிரட்டவில்லை. மனை கைமாறிவிட்டது. 'இல்லை, நீ பார்த்தது சரிதான்' என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். கல்லைப் பற்றிக்கூடச் சொல்லவேண்டாம். அந்த நான்கு சொல்லிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது. அப்படியென்றால் தண்ணீர் பிறகு ஏன் வந்தது என்று கேட்பாரே!

"தாழ்வான எடந்தாம்மா அது" என்றேன். "நாலு பேரக் கேட்டு வாங்கியிருக்கணும்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு தலையை அசைத்தார்.

"நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். எம்மேலதான் தப்பு."

கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டுவிட்டு!

அன்றைக்கு என் மனைவி என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள், வீடு என்றால் பேசாமல் முடியாதே. ஆனால் 'சொல்லிடலாமேங்க' என்று அதன்பின் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்துகொண்டுவிட்டாள்.

போன மாதம் அவள் மீன் வாங்கப் போன இடத்தில் கலைச்செல்வியைப் பார்த்திருக்கிறாள். கடலோரத்தில் உள்ளவர்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுக்கிறார்களாம். மேட்டில் ஒன்று, சாலையோரம் ஒன்று, எது வேண்டும் என்று கேட்டார்களாம். மாமியார் சாலையோரம் கேட்டுவிட்டாராம். மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஏறுமே, நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று என் மனைவி கேட்டதற்குக் கலைச்செல்வி சொன்ன பதிலை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு எடம் பாக்கத் தெரியாதுக்கா. அவங்களே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

மண்டபத்தூர் எட்டாத ஊரில்லை. பேருந்து போகிறது. அவர் பார்த்த இடம் சரியான இடம் என்பதை அறிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். அதை அவரிடம் போய்ச் சொல்லவேண்டியவன் நான். இன்றுவரை போகவில்லை... நாளைக்காவது போவேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.