அக்காவின் வேனும் அத்தானின் காலும்

எங்கள் அன்பு அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைக் கையில் எடுக்கும் உறவுகளே, நண்பர்களே, அவருடைய ஒரே தம்பியாகிய நான் கண்ணீரோடு என்பதைவிடப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அழுது வடிகிறவர்களை அக்காவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

கொட்டாஞ்சேனையில், கப்பல் ஊதுவது கேட்கும் ஒழுங்கையொன்றில் அக்கா பிறந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா இளவயதிலேயே கண்மூடிவிட, தையல் மெசினோடு மல்லுக்கட்டிய அம்மாவுக்குத் தோள் கொடுத்து என்னைப் படிப்பித்தவர் அவரே. மணமான பின்பு, புதுக்கடை நீதிமன்றத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்த அத்தானின் சம்பளம் கைக்கும் வாய்க்குமாக இழுபட்டபோது, பழைய வேனொன்றை வாங்கிப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். "பொம்பிளை ஓடுற வேனிலயோ பிள்ளையை விடுறது?" என்று கேட்டவர்கள், பிறகு அதே வேனில் ஓர் இடம் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வேனில் எந்த வேலையையும் கராஜுக்காரரிடம் கொடுப்பார், பிரேக்கை மட்டும் கொடுக்க மாட்டார். "மற்றவையின்ர பிள்ளையளை ஏத்திற நான், பிரேக்கை மற்றவையின்ர கையில விடுறதோ?" என்பார். பழைய பிரேக் ஒயிலை வெளியேற்றிப் புதியதை நிரப்பும் அந்த வேலை வீட்டு வாசலிலேயே நடக்கும். அதற்கு இருவர் வேண்டும். அத்தான் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கன்" என்று குரல் கொடுத்தால்தான், அக்கா ஒவ்வொரு சக்கரமாக, சில்லின் அடியில் படுத்தபடி ஒயில் வடியும் நிப்பிளைத் திறப்பார். கறுத்த ஒயில் குமிழிகளோடு குழாய் வழியே போத்தலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடுங்கோ" என்பார். அதற்கு முன் கால் எழுந்தால் காற்று உள்ளே போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண். முதல் நாள் சண்டையில் முகம் கொடுத்துப் பேசாதிருந்தாலும், இந்த இரண்டு சொற்களை மட்டும் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லியே ஆகவேண்டும். சில சண்டைகள் அப்படித்தான் தீர்ந்தன.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள் ஒன்று. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை; கடைகளெல்லாம் பூட்டு. நானும் அங்கிருந்தேன். கடைசிச் சில்லுக்கு வந்துவிட்டார்கள். அந்நேரம் கோயிலில் மத்தியான மணி அடித்தது. அத்தானோ மணி கேட்டால் சோற்றுக் கோப்பையையும் வைத்துவிட்டு எழுந்து செபம் சொல்கிறவர். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்!

"ஐயோ, காலை எடுத்திட்டீங்களோ!" என்று வேனுக்கு அடியிலிருந்து அக்கா போட்ட சத்தத்தில் மணிச்சத்தமே அடங்கிப்போனது.

பெடல் பஞ்சாகிவிட்டது. புதிய ஒயிலும் முடிந்துவிட்டது. போன தடவை மிஞ்சிய அரைப் போத்தலை அத்தான் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"திறந்து வச்சது ஈரத்தைக் குடிச்சிருக்கும். வேண்டாம்."

"நாளைக்கு ஒரு ஓட்டந்தானே, மெதுவாப் போகலாம்."

"அந்த ஒரு ஓட்டத்திலதான் கொச்சிக்கடைக்கு இறங்கிற இறக்கமும் இருக்கு. பிரேக் பிடிக்காட்டி வேன் எடுக்க மாட்டன். தாய் தகப்பன்மாருக்குச் சொல்லிப்போடுங்கோ, வேற ஏற்பாடு பார்க்கட்டும்."

பரீட்சைக்கு முதல் நாள் அப்படிச் சொன்னால் எத்தனை பெற்றோர் திரும்பி வருவார்கள் என்று அக்காவுக்குத் தெரியாததல்ல. நான் பஸ் பிடித்து, நான் குடியிருக்கும் நுகேகொடைக்கு ஓடி, தன் கடைக்கு மேல்மாடியில் வசிக்கும் வாகன உதிரிப்பாகக் கடைக்காரரின் கதவைத் தட்டினேன். "அத போய னே, மல்லி" - இன்று போயா அல்லவா, தம்பி - என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தவர், போயா நாளென்றும் பாராமல் கடையைத் திறந்து சீல் உடைக்காத போத்தலொன்றைத் தந்தார். நான்கு சில்லும் மறுபடி முதலிலிருந்து. மாலையில் வெறும் வேனை அந்த இறக்கத்தில் இறக்கி, நடுவில் நிறுத்திக் காட்டினார் அக்கா. பெடல் கல் மாதிரி நின்றது. மறுநாள் ஒரு பிள்ளையும் பிந்தவில்லை. என் அக்காவைப் போல் ஒருத்தி இந்தக் கொழும்பில் இல்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அதையேதான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அத்தான் மத்தியானச் செபத்தை, பெடலில் கால் வைத்தபடி இருந்தே சொல்லப் பழகினார்.

நோய் அக்காவைச் சில மாதங்களே கிடத்தியது. அந்நாட்களில் கைவிடாது பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், முறைவைத்துச் சாப்பாடு அனுப்பிய ஒழுங்கைச் சனத்துக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அந்நாள் வேன் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எல்லோருக்கும் மேலாக அத்தானுக்கு. அடக்கத்தன்று கோயில் மணி அடித்தபோது அனைவரும் எழுந்து நின்றோம். அத்தான் எழும்பவில்லை. வலது கால் தரையை அழுத்தியபடி இருந்தது. கைகொடுத்துத் தூக்கப்போன என்னிடம் மெல்லச் சொன்னார்:

"பொறுங்கோ தம்பி. பிடிச்சிருக்கன். அவ இன்னும் விடச் சொல்லேல்லை."