கான்வாஸ் ஷூ வாத்தியார்

பழைய பூட்டு, சைக்கிள் மணி, தெர்மாமீட்டர், இழைப்புளி, அச்சாபீஸ் எழுத்துக்கட்டை, பல்பு மாட்டும் ஹோல்டர், ஒரு பிடி வேர்க்கடலை. தகரப்பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டிவிட்டு வீரபாகு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வெளியே வேப்பமரத்தை ரசிக்கிறாராம். உண்மையில் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தால் பையன்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூட்டை எடுத்தவன் அதைத் திறக்கப் பார்க்கிறானா, திருப்பி வைக்கிறானா. கடலையை எடுத்தவன் பிளந்து முளையைப் பார்க்கிறானா, வாயில் போட்டுக்கொள்கிறானா. "வாயில போட்டுக்கினவன் பசியோட வந்தவன். அவன மொதல்ல சாப்பாட்டுக்கு அனுப்புவோம். வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்" என்பார்.

பள்ளிப் படிப்பு முடிக்கப்போகும் பையன்களுக்கு எந்த வேலை தோதுப்படும் என்று எடுத்துச்சொல்ல, பள்ளிக்கு ஒரு வாத்தியாரைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மற்ற வாத்தியார்களுக்கெல்லாம் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போயிற்று. இவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை ஆனால் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரயில்வே ஸ்டேஷன், மாட்டாஸ்பத்திரி, அச்சாபீஸ், மோட்டார் ரிப்பேர் பட்டறை. போய் நின்றுகொண்டு, "கேளுங்கடா, வாய் இருக்குதில்ல" என்பார். மாட்டு டாக்டருக்கு இவரைக் கண்டாலே எரிச்சல். பையன்கள் கேட்கிற கேள்வி அப்படி.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எவனும் தகப்பன் தொழிலைச் சொல்லக்கூடாது. "எங்கப்பா வந்து சார்..." என்று ஒருவன் ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். "அப்பாவ வுடு. உனக்கு இன்னா புடிக்கும்?"

இந்த ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். பையனைப் பார்த்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே "யார் ஊட்டுப் புள்ள, உங்கப்பன் இன்னா பண்றான்" என்பதுதான். பதில் வந்ததும் கேட்டவருக்கு நிம்மதி. தறிக்காரன் மகனா, தறிக்குப் போ. கடைக்காரன் மகனா, கல்லாவில் உட்கார். ஏர் ஓட்டுகிறவன் மகனா, உனக்கு எதற்கடா அல்ஜீப்ரா. படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள், அதுவும் வெற்றிலையை மென்றுகொண்டே பேசுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையனுக்கென்று ஒரு மனசு இருக்கும் என்பது இவர்களுக்கு ஏன் தோன்றுவதே இல்லை?

வாத்தியார் என் எதிர் வீட்டுக்காரர். வேட்டிக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிற மனிதர் இந்த ஊரில் இவர் ஒருத்தர்தான். பையன்கள் சிரிப்பார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் கேட்டேன். "தறிக்குழியில வெறுங்காலோட உக்காந்து வளந்தவன் நானு. மழ பேஞ்சா குழியில தண்ணி ஊறும். வெரலிடுக்கெல்லாம் புண்ணு. இனிமேட்டுக்கு என் காலு காஞ்சே இருக்கட்டும்பா" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு இரண்டு பேர் உட்காரவேண்டும். நெய்கிறவர் ஒருவர். அவரை ஒட்டினாற்போலப் பக்கத்தில் ஒரு துணைக் கை, அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடாவை, அதாவது ஊடைநூல் ஓட்டும் கட்டையை, தள்ளிவிட. இந்த நெசவைக் கோர்வை என்பார்கள். துணைக் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கைதான். அதற்காக இந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடப் பைகள் ஆணியில் மாட்டினது மாட்டினபடியே தொங்கின என்று யாராவது யோசித்திருப்பார்களா? வீரபாகு அப்படி உட்கார்ந்த பிள்ளை. தூங்கி விழுந்தால் மண்டையில் அப்பாவின் நாடாவால் ஒரு போடு விழும். எப்படியோ மேலே ஏறிப் படித்து வாத்தியாரான பிறகு அவர் குழியில் கால் வைத்ததில்லை. முன்வாசல் வழியாகக்கூட வீட்டுக்குள் போகமாட்டார், கூடத்தில் தறி இருப்பதால். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு புழக்கடைப் பக்கமாகப் போவார்.

அந்தத் தறியில் இப்போது நெய்பவர் அண்ணன் ஆதிகேசவன். பக்கத்தில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரும்பின்மேல் ஆசை என்று பெட்டியை வைத்துக் கண்டுபிடித்து, ரயில்வே பட்டறைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார் சித்தப்பா. அன்றையிலிருந்து அண்ணன் தம்பியோடு நேராகப் பேசுவதில்லை. துணைக்கு ஆளில்லாமல் கோர்வையை நிறுத்திவிட்டு, ஒற்றைக் கையாகச் சாதாப் புடவை நெய்துகொண்டிருந்தார். பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

இப்படி இருக்கையில்தான் இந்த வருஷம் காசிநாதன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். முசரவாக்கம் காலனிப் பையன். அப்பா முனுசாமி சாயப்பட்டறைகளுக்கு விறகு போடுகிறவர். பையன் மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தான். பெட்டி மூடியைக் கட்டிவைக்கக் கழிவுப் பட்டு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தார் வாத்தியார். பையன் அதை எடுத்தான். முறுக்கைப் பிரித்தான். இழை இழையாக விரலில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா புடிக்கும் உனக்கு?"

"தறி சார்."

வாத்தியாருக்கு வந்ததே கோபம். "நான் ஒவ்வொருத்தனையா குழியிலேர்ந்து மேல இழுத்துப் போட்டுக்கினு இருக்கேன். நீ எங்கேர்ந்துடா உள்ள எறங்கறேன்னு வர்ற?"

"புடிச்சத சொல்லுன்னீங்க. சொன்னேன் சார்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே மெதுவாகச் சொன்னானாம். "வெறகு போட வர்றப்போ ஜன்னலாண்ட நின்னு பாப்பேன் சார். ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு, ரெண்டும் நடுவுல வந்து பூட்டிக்குதே. அது எப்பிடின்னு பாத்துக்கினே இருப்பேன். ஜன்னல்லேர்ந்து முழுசா தெரில. அதுக்குள்ள யாராவது போடான்னுடுவாங்க."

அன்று சாயங்காலம் வாத்தியார் என்னிடம் வந்து இதைச் சொல்லிவிட்டு, "அப்பாவ வுடுன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். என் அப்பன நான் வுட்டனா பாரு. அவர் மேல இருக்கிற கோவத்துல இந்தப் பையன் வாய அடைக்கப் பாத்தேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். "அவங்களுக்குத்தான் பியூன் வேலை ஈஸியா கெடைக்குதே, தறி எதுக்கு சார்" என்றார் சக வாத்தியார் ஒருவர். பெரிய உபகாரம் செய்கிற குரலில் சொன்னார். பையனின் தகப்பன் முனுசாமி மட்டும், "எனுக்கு இன்னா சார் தெரியும். காலமெல்லாம் நான் நின்னுக்கினே வேலை செய்றேன். அவன் குந்திக்கினு செய்யறதுன்னா செய்யட்டும்" என்றார்.

நெசவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரவேண்டுமானால் நெய்யத் தெரிந்திருக்கவேண்டும். நெய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு தறியில் உட்காரவேண்டும். தறி இருப்பதோ வீட்டுக் கூடத்தில். ஆகையால் வாத்தியார் பையனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருந்தால் இந்த ஊரைப்பற்றி எனக்குக் கொஞ்சம் நல்ல எண்ணம் மிஞ்சியிருக்கும்.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் அவர்கள் சாமர்த்தியம். "எனக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரே, ஊட்ல பொம்பளைங்க ஒத்துக்கணுமே" என்றார் ஒருவர். உள்ளேயிருந்து மனைவி, "எனக்கு இன்னாங்க, அத்தைதான் ஆச்சாரம் பாப்பாங்க" என்றாள். அந்த அத்தை, "நான் பாக்கறதா, கூடத்தத் தாண்டினா சாமி இருக்குதேப்பா" என்றாள். பழி கடைசியில் சாமி தலையில் போய் விழுந்தது. தெலுங்கு பேசுகிற ஒரு தறிக்காரர் மட்டும் ஒளிக்கவில்லை. "மனவாடா, நம்ம ஜனமா இருந்தா நாளைக்கே உக்கார வெச்சிக்குவேன் சார். வேற ஆளுன்னா கஷ்டம்" என்றார். இன்னொரு வீட்டில் உட்காரச் சொல்லி வாத்தியாருக்கும் எனக்கும் மோர் கொடுத்தார்கள். பையனுக்கு இல்லை. அவன் வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்றிருந்தான். நாங்கள் தெருமுனை திரும்புகையில் அந்த வீட்டம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் படியில் ஊற்றிக் கழுவினாள். பையனும் பார்த்தான்.

இவர்கள் நெய்த புடவையைக் கையில் காசு இருக்கிற எவரும் கட்டலாம். யார் என்ன என்று அங்கே விசாரணை கிடையாது. முகூர்த்த நாளில் எந்தத் தெருக்காரி வந்தாலும் கடையில் நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, மடிமேல் விரித்துக் காட்டுவார்கள். சாயம் காய்ச்ச அந்தப் பையன் சுமந்து வந்த விறகு வேண்டும். அவன் கை மட்டும் ஆகாது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் இப்படி ஒரு வழக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேர் இழுக்க முடியுமா?

கடைசியாகப் போனது நீலாம்பாள் வீட்டுக்கு. கணவன் போன பிறகு தறியைத் தானே பார்த்துக்கொள்கிற அம்மாள். நாக்கில் விளக்கெண்ணெய் தடவாதவள். வாத்தியார் சொன்னதையெல்லாம் கேட்டாள். ராட்டையை நிறுத்தினாள்.

"ஊரு பூரா நாயம் பேசிக்கினு வர்றியே வாத்தியாரே. உங்க ஊட்டுத் தறியில பக்கத்து எடம் காலியாத்தான கெடக்குது? அதுல இந்தப் புள்ளய மொதல்ல உக்கார வெச்சிட்டு வா. அப்பறம் என் வாசலுக்கு வந்து கேளு. நான் மாட்டேன்னா செருப்பால அடி."

வாத்தியார் திரும்பி வரும் வழியெல்லாம் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரிலிருக்கும் கூடமெல்லாம் கண்ணில் பட்டது, தன் வீட்டுக் கூடம் படவில்லை. புழக்கடை வழியாகவே போய் வந்தால் எப்படிப் படும்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். வாத்தியார் சந்துப் பக்கம் போகவில்லை. காசிநாதனை அழைத்துக்கொண்டு நேரே முன்வாசலுக்கு வந்தார். நான் எழுந்து தெருவைத் தாண்டிப் போய் நின்றேன். உள்ளே ஆதிகேசவன் தறியில் இருந்தார். நாடா நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசினார்.

"எம் புள்ளயத்தான் கெளப்பிக்கினு போயிட்ட. இப்ப யாரக் கொண்டாந்து நிறுத்தற?"

"தறி வேணும்னு கேக்கறான்ணா. உனக்குப் பக்கத்துல ஆள் வேணும்."

"எம் பக்கத்துல யார் உக்காரணும்னு நான் சொல்லணும். தறிய வுட்டு ஓடிப்போனவன் நீ. உனக்கு இன்னா தெரியும். அவன் உள்ள வந்தா நான் குழிய வுட்டு ஏறிடுவேன்."

"உம் பக்கத்துல வேணாம். எம் பக்கத்துல உக்காரட்டும்."

ஆதிகேசவன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றிக் குழியைவிட்டு ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். தம்பி எங்கே குழியில் இறங்கப்போகிறான் என்கிற நிச்சயம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. காசிநாதன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். கழுவப்பட்ட படியைப் பார்த்தவன் இந்தப் படியில் கால் வைப்பானா?

வாத்தியார் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. நிதானமாக விரலால் பிரித்தார். இரண்டு ஷூவையும் வாசலில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் போய், வெளிறிப்போயிருந்த கால்கள் இரண்டையும் குழிக்குள் இறக்கிப் பலகையில் உட்கார்ந்தார். கீழே மண் ஈரமாக இருந்திருக்கவேண்டும், உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மிதிக்கட்டையைத் தேடிக் கால் வைத்தார். அப்புறம் பலகையில் நகர்ந்து இடம் விட்டு, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, பையன் உட்காரவேண்டிய அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.