இரும்புக் கல்லில் வெந்த விரதம்

நான் மாட்டிறைச்சி தின்றேன். காவடி விரதத்தில் இருந்தபோது தின்றேன். அதுவும், மாமனாரின் உயிருக்காக எடுத்த விரதத்தில்!

முகத்தைச் சுளிக்காதீர்கள்... இன்னும் நான் முழுதாகச் சொல்லவில்லை.

கிள்ளானில் இருந்த என் மாமனாருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். என் மனைவி சரோஜா அழுது அழுது கண் வீங்கிப் போயிருந்தாள். "மாமா பொழச்சா நான் பத்துமலையில காவடி எடுக்கிறேன்" என்று சாமி படத்துக்கு முன் வீரமாகச் சொன்னவன் நானே. அன்றிலிருந்து எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குள் முட்டைகூட நுழையவில்லை.

அந்த நேரம் பார்த்தா என் மேலாளர் ஜப்பானுக்குத் திரும்ப வேண்டும்! நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தவர் அவர். பிரியாவிடை விருந்து, கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில், கண்ணெதிரே சமைத்துப் பரிமாறும் ஜப்பானியத் தெப்பன்யாக்கி. மனைவியோடு வரவேண்டும் என்று அன்புக் கட்டளை வேறு. போகாமல் இருக்க முடியுமா?

நாங்கள் உட்கார்ந்த மேசையே ஓர் இரும்புக் கல், நம் தோசைக்கல்லை இழுத்து நீட்டியது போல. எதிரே நின்ற சீனச் சமையற்காரர் கரண்டிகளால் தாளம் போட்டார். முட்டையை மேலே எறிந்து தொப்பியில் பிடித்தார். வெங்காய வளையங்களை அடுக்கித் தீ வைத்தார்... குபீரென்று ஓர் எரிமலை!

"ஹஸ்பண்ட் ஃபாஸ்டிங் லா, ஒன்லி வெஜிடபள்!" என்று சரோஜா அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவரும் கல்லில் ஒரு மூலையைத் துடைத்து, எங்களுக்கென்று காளானும் தவ்கே என்கிற பயறுமுளையும் தனியாக வதக்கினார். அந்த எல்லையைச் சரோஜா கண்கொட்டாமல் காவல் காத்தாள்.

கடைசி வித்தை, இறைச்சித் துண்டுகளை விருந்தாளிகளின் வாய்க்குள் எறிவது. மேலாளர் ஒன்றைக் கவ்விப் பிடித்தார். நான் வாயைப் பிளந்து சிரித்தேன்...

விழுந்தது.

துப்பியிருக்கலாம். நீங்கள் துப்பியிருப்பீர்கள். ஆனால் மேலாளர் எழுந்து நின்று எனக்குக் கைதட்டுகிறாரே! மென்றேன்.

"என்னாங்க அது?" சரோஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"காளான்மா."

"முருகா! நல்லவேளை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இதுவரை விபத்து என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால்... வெண்ணெயும் பூண்டும் மணந்த அந்தத் துண்டு! பிறந்ததிலிருந்து நான் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. அது இப்படிக் கரையும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே! அந்தச் சமையற்காரப் பாவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சரோஜா மேலாளரின் மனைவியிடம் ஏதோ பேசத் திரும்பினாள். "ஒன் மோர், பாஸ்?" என்றார் அவர், மெதுவாக.

நான் வாயைத் திறந்தேன். ஆம், நானே திறந்தேன்!

சிகிச்சை நடந்த அன்று மருத்துவமனை வாசலிலேயே நின்றேன். மாமனாருக்கு ஏதாவது ஆனால் கொன்றவன் நான் அல்லவா? அவர் பிழைத்தார். தைப்பூசத்தில் ஒவ்வொரு படியிலும் இப்போது விழுவேன், இப்போது விழுவேன் என்று பயந்துகொண்டே காவடியோடு ஏறினேன். ஒரு தடுமாற்றம்கூட இல்லை! முருகன் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"கண்ணு முன்னாலயே மாட்டுக்கறி வேகுது, இவரு அசையவே இல்லே!" என்று சரோஜா சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். தங்கள் பிள்ளைகளுக்கு விரதத்தைப் பற்றிப் புத்தி சொல்ல என்னை அழைத்தார்கள். சொன்னேன்! வெட்கமில்லாமல், மனவுறுதி பற்றியெல்லாம் சொன்னேன்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு மாமனாருக்கு மறுபடியும் இதயத்தில் கோளாறு. போன வாரம் படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளே, டாக்டர் என்னமோ சொல்லட்டும். எனக்கு நீங்கதான். போன தடவை இருந்தீங்களே ஒரு விரதம்... ஒரு சின்ன மாத்தம்கூட இல்லாம, அப்படியே இருங்க."

தலையாட்டிவிட்டேன். அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

அப்படியே என்றால் எப்படி? முருகன் ஏற்றுக்கொண்டது எந்த விரதத்தை? இந்த முறை நான் சுத்தமாக இருந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்...? நினைக்கவே கூடாத நினைப்பு. நினைக்கிறேன். நினைக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறது. அதையும் விழுங்குகிறேன்.